வெளியுறவு மந்திரி ஜெய்சங்கரை நேர்ல பார்த்தவங்க, அவர் வேலையால பலன் கிடைச்சவங்க உங்க அனுபவத்தை சொல்லுங்க

யிவு சரக்குக்காரன்:

நான் அவரை பார்த்தது அவர் மந்திரி ஆகுறதுக்கு ஏழு வருஷம் முன்னாடி, 2012 ஜனவரில, பெய்ஜிங்ல. அப்ப நான் சீனாவுல யிவுங்கிற ஊர்ல இருந்தேன், பாரிஸ் கார்னர் கடைகளுக்கு ஹேர் கிளிப், வளையல், பொம்மைன்னு சரக்கு பிடிச்சு கன்டெய்னர் ஏத்தி விடுற வேலை. அதுக்கு முந்தின டிசம்பர்ல ஒரு முதலாளி பாக்கியை வச்சுட்டு ஓடிட்டார்னு, அவர்கிட்ட வேலை பார்த்த ரெண்டு இந்தியர்களை அங்க உள்ள சப்ளையருங்க பிடிச்சு அடைச்சு வச்சுட்டாங்க. மீட்க ஷாங்காய் துணைத்தூதரகத்துல இருந்து போன அதிகாரி சுகர் பேஷண்ட், கோர்ட்ல மணிக்கணக்கா மருந்து இல்லாம கிடந்து மயங்கியே விழுந்துட்டார். உடனே பெய்ஜிங் தூதரகம் யிவுல வியாபாரமே பண்ணாதீங்கன்னு எச்சரிக்கை போட்டுச்சு. நாங்க சாப்பிடுற மெஸ்ல அதை பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டியிருந்தாங்க, சாம்பார் கை பட்டுப் பட்டு ஓரமெல்லாம் மஞ்சளாகிப் போன அந்த தாளு இன்னும் என் கண்ணுலயே நிக்குது. பொழப்பு போகுதேன்னு கவலைதான், ஆனா நமக்காக கேட்க ஒரு ஆள் இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அப்ப சீனாவுக்கான இந்திய தூதர் ஜெய்சங்கர். சீனப் புத்தாண்டுக்கு மார்க்கெட் மூடிட்டாங்க, சும்மா ரூம்ல கிடக்காம குடியரசு தினக் கொடியேத்தத்துக்கு போலாம்னு எப்படியோ ரயில் டிக்கெட் வாங்கி போய்ட்டேன். தெருவெல்லாம் பட்டாசு பேப்பர் செவப்பா கிடக்கு, குளிர்ல காது விறைச்சுப் போச்சு. அவர் ஜனாதிபதி உரையை நிதானமா வாசிச்சார். அப்புறம் எனக்கு முன்னாடி நின்ன ஒரு வியாபாரி கிட்ட மாட்டிக்கிட்டார், அந்த மனுஷன் தன் கதையை விடாம சொல்றார், இவரு அங்க இங்க பார்க்காம தலையை கொஞ்சம் சாய்ச்சு முழுசா கேட்டார். எனக்கு பேச வாய்ப்பு கிடைக்கல, ஆனா அது போதும்.

அவரோட அப்பா கே. சுப்பிரமணியம் திருச்சிக்காரர், கார்கில் போரைப் பத்தி விசாரிச்ச ஆய்வுக்குழு தலைவரா இருந்தவர்ங்கிறதெல்லாம் பின்னாடி படிச்சு தெரிஞ்சுக்கிட்டதுதான். இவர் 1977ல ஐஎஃப்எஸ், அதாவது வெளியுறவுப் பணில சேர்ந்தார், முதல் போஸ்டிங் மாஸ்கோல, அப்புறம் பிராக், சிங்கப்பூர்லாம் தாண்டி சீனாவுல மட்டும் நாலரை வருஷம், வேற எந்த இந்திய தூதரும் அங்க அவ்வளவு நாள் இருந்ததில்ல. 2017ல பூடான் எல்லைப் பக்கம் டோக்லாம்ல 73 நாள் இந்திய, சீன ராணுவம் ரெண்டும் முட்டிக்கிட்டு நின்னப்ப வெளியுறவுச் செயலாளரா இருந்தது இவர்தான், சீனாக்காரன் எப்படி பேசுவான்னு அங்கயே இருந்து பழகின ஆள் அந்த சீட்ல இருந்தது நமக்கு நல்லதா போச்சுன்னு நான் நிச்சயமா நம்புறேன்.

நெல்லை அப்பா:

என் தங்கச்சி மக உக்ரைன்ல சுமிங்கிற ஊர்ல மெடிசின் படிச்சா. 2022 மார்ச்ல, ரஷ்யா போர் நடந்தப்ப, தண்ணி இல்லாம பனியை உருக்கி குடிச்சாங்க, வீடியோ கால்ல அந்த பக்கெட்டை காட்டினப்ப தங்கச்சி அப்படியே உக்காந்துட்டா. ஏழாம் தேதி பஸ்ல ஏத்தி, பாதை பாதுகாப்பில்லைன்னு திரும்ப இறக்கிட்டாங்க, அன்னைக்கு ராத்திரி எங்க வீட்ல அடுப்பே பத்தவைக்கல. எட்டாம் தேதி பக்கத்துல பொல்டாவாங்கிற ஊர், அங்க இருந்து ரயில், அப்புறம் போலந்து, டெல்லி, சென்னை. பிரதமர் ரெண்டு நாட்டு அதிபர்கிட்டயும் பேசினார், மாநில அரசும் ஓடி ஓடி பார்த்துச்சு, எல்லாருக்கும் நன்றி. ஆனா ரஷ்ய மொழி தெரிஞ்ச, ஹங்கேரி தலைநகர் புடாபெஸ்ட்லயும் மூணு வருஷம் வேலை பார்த்த ஒருத்தர் அந்த நேரத்துல மந்திரியா இருந்தது எங்க அதிர்ஷ்டம். நம்ம பிள்ளைங்க நிறைய பேர் ஹங்கேரி வழியாவும்தானே வந்தாங்க. மொத்தம் 22,500 பேர் திரும்பி வந்ததா அவரே பார்லிமென்ட்ல சொன்னார், அந்த கணக்குல ஒண்ணு எங்க வீட்டுப் பிள்ளை.

கண்டி வாசகி:

நான் அவரை நேர்ல கண்டதில்ல. 2022ல இலங்கைல பொருளாதார நெருக்கடி வந்தப்ப, மார்ச் கடைசில எங்கட பக்கத்து பெரியாஸ்பத்திரில மருந்தில்லாம ஒப்பரேஷன் எல்லாம் நிப்பாட்டிட்டாங்க, அம்மாவின்ட திகதியும் போயிட்டு. கரண்ட் இல்லாத இரவு, போன்ல சார்ஜ் ஒன்பது வீதம், அப்பத்தான் அந்தச் செய்தியைப் பார்த்துட்டு அவர் போட்ட ட்வீட்டைக் கண்டன், தூதுவரை உடனே கதைக்கச் சொல்றன்னு. ஏப்ரல்ல இந்தியக் கப்பல்ல 760 கிலோ மருந்து வந்திச்சு. இன்னொன்டையும் சொல்லோணும், 1988ல இருந்து 90 வரைக்கும் அவர் கொழும்புல இருந்தவர், இந்திய அமைதிப்படைக்கு அரசியல் ஆலோசகரா. அந்தக் காலத்தைப் பத்தி யாழ்ப்பாணத்துல இருக்கிற என்ட மாமிக்கு வேற நினைவு, வேற காயம், அதை மறைச்சிட்டு இங்க நன்றி மட்டும் எழுத எனக்கு மனசு வரேல்ல. அம்மாவுக்கு ஒப்பரேஷன் ஜூன்ல நடந்திச்சு, இப்ப முத்தத்துல கருவேப்பிலை பறிக்கிறா.