ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்கிறார்கள்: எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் வேறு இடத்தில் எதைச் சோதிக்கச் சொல்வது?

கேள்வி – காவேரிப்பட்டணத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2014ஆம் ஆண்டு பெட்ரோல் கார். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பாவை மாதம் ஒருமுறை ஓசூரில் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். கடந்த இரண்டு பயணங்களிலும் சூளகிரிப் பக்கம் ஏற்றத்தில் ஏசி போட்டுக்கொண்டு போகும்போது வெப்பமுள் சிவப்புக் கோட்டை நெருங்கிவிட்டதால், ஓரமாக நிறுத்தி ஆறவிட்ட பிறகே புறப்பட முடிந்தது. ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது ஒரு தொந்தரவும் இல்லை. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மட்டும் மாதத்துக்கு அரை லிட்டர் அளவு குறைகிறது. வீட்டு போர்வெல் தண்ணீரை ஊற்றி நிரப்பி வருகிறேன்.

வழக்கமாக விடும் பணிமனையில், ஹெட் கேஸ்கட் (எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் எரிந்த வாயு, கூலன்ட், ஆயில் ஒன்றோடொன்று கலக்காமல் அடைக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேஸிங் செய்து (அடிப்பரப்பைச் சமப்படுத்தி), புது கேஸ்கட் போட 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். எந்தக் கருவியையும் வைத்துப் பார்க்கவில்லை. பல ஆண்டுப் பழக்கம் என்பதால் அவர்கள் மனம் நோகாமல் வேறொருவரிடம் எப்படிக் காட்டுவது?

பதில் – தருமபுரி, முப்பது ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்தவர்

தம்பி, ஹெட்டை இறக்குவதற்கு முன்பே சோதனைகளை முடித்துவிட வேண்டும். இறக்கிவிட்டால் பழைய கேஸ்கட் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் புதிது போட்டுத்தான் ஆக வேண்டும், சூட்டுக்கு உண்மையான காரணம் என்ன என்ற கேள்வியும் அத்தோடு மறைந்துவிடும். பழைய பணிமனையில், வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் யாருக்கும் வருத்தம் வராது. புதிய இடத்திலோ முதலாமவர் சொன்னதை வாய்விடாதீர்கள். எப்போது சூடாகிறது, எவ்வளவு கூலன்ட் குறைகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். கேஸ்கட் என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் அவரும் அதையே தேடத் தொடங்குவார்.

கேட்க வேண்டிய சோதனைகளில் முதலாவது, எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரில் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. வெளியே எங்காவது கசிந்தால் அப்போதே தெரிந்துவிடும். ரேடியேட்டர் மூடியையும் அதே பம்பில் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 1.1 பார் அழுத்தத்தை மூடி தாங்கினால்தான் உள்ளே இருக்கும் நீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி கூலன்ட்டைச் சிறுகச் சிறுக வெளியே தள்ளிவிடும். அடுத்தது நீல நிற ரசாயனச் சோதனை: எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால், பெட்ரோல் வண்டியில் அந்த நீலம் மஞ்சளாக மாறும். ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த டீ நிறம் தெரிகிறதா, எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஓடவிட்ட ஓரிரு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லைப் போல் இறுகுகிறதா என்பதையும் பாருங்கள். இவையும் கேஸ்கட் பழுதின் அறிகுறிகள்.

நீங்கள் எழுதியதில் என் கவனம் இன்னொன்றில் நின்றது. ஃபேன் வேலை செய்யாவிட்டால் மெதுவாக ஊரும்போதுதான் சூடு ஏறும். உங்களுக்கோ ஏற்றத்தில், எஞ்சின் பாரம் இழுக்கும்போது ஏறுகிறது. ரேடியேட்டரின் உள்குழாய்கள் அடைத்திருந்தால் இப்படித்தான் நடக்கும். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் ரேடியேட்டரிலும் படிகிறது. சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்துவிடாதீர்கள். முள் ஏறினால் உடனே நிறுத்துங்கள். அலுமினிய ஹெட் வளைந்துவிட்டால் இல்லாத கேஸ்கட் பழுது உண்மையாகவே வந்துவிடும்.

பதில் – பாலக்கோடு

ஐயா சொல்வது என் வண்டியில் நடந்ததுதான். ரேடியேட்டரைப் பார்க்காமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றினார்கள். நான்கு மாதத்தில் புதிய கேஸ்கட்டும் போய்விட்டது. ஆகவே சோதனையில் கேஸ்கட் பழுதென்றே உறுதியானாலும், அது எதனால் போயிற்று என்று கேட்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர் – பத்து நாள் கழித்து

கிருஷ்ணகிரியில் வேறொரு பணிமனையில் எல்லாச் சோதனைகளும் செய்தார்கள். ரசாயனம் நீலமாகவே இருந்தது. ரேடியேட்டரில் ஏற்றிய அழுத்தமும் குறையவில்லை. மூடி மட்டும் பாதி அழுத்தத்திலேயே திறந்துகொண்டது. எஞ்சினைச் சூடாக ஓடவிட்டுக் காட்டியபோது ரேடியேட்டரின் நடுப்பகுதி குளிர்ந்தே இருந்தது. கழற்றிப் பார்த்தால் குழாய்களின் வாயில் வெள்ளைப் படிவம். புதிய ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய் ஆயிற்று. நேற்று ஏசியோடு ஓசூர் போய்வந்தோம். முள் பாதியைத் தாண்டவில்லை. ஐயாவுக்கு என் மனமார்ந்த நன்றி.

பதில் – தருமபுரி, முன்பு எழுதியவர்

மகிழ்ச்சி, தம்பி. முதல் வாரம் தினமும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவைப் பாருங்கள். உள்ளே தங்கிய காற்று வெளியேறும்போது சற்றுக் குறையும். கூலன்ட்டில் கலக்க டிஸ்டில்டு வாட்டரை மட்டும் வாங்குங்கள். பேட்டரிக் கடையில் கிடைக்கும்.