மறக்கப்பட்ட கண்டுபிடிப்பாளர்கள் ஓவியப் போட்டி: உங்கள் மனதை விட்டுப் போகாத படம் எது?

கரித்துண்டு:
அறிவியல் நாளை ஒட்டி நடந்த ஒரு போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு இதேதான். குவிந்து கிடந்த படங்களில் பாதிக்கு மேல் இணையத்தில் முதலில் வரும் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவை. கோட்டு, கண்ணாடி, பக்கத்தில் ஒரு நுண்ணோக்கி. அவற்றை விடுங்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் படம்தான் என்னை விட மாட்டேன் என்கிறது.

ஒரு டிரம். அடியில் குழாய். குழாய்க்குக் கீழே தம்ளரை நீட்டும் ஒரு கை. பின்னால் தரையெங்கும் படுத்துக் கிடக்கும் மனிதர்கள், எல்லாம் பழுப்பிலும் சாம்பலிலும். மூலையில் சிறியதாக 'பன்கான், 1971'. அங்கே காலரா நோயாளிகளுக்கு உப்புக் கரைசல் கொடுத்த டாக்டர் திலீப் மகலனோபிஸ் எங்குமே இல்லை.

உடன் இருந்த நடுவர் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கி வைத்துவிட்டார். 'கண்டுபிடிப்பாளரைப் பற்றிய போட்டி, கண்டுபிடிப்பாளரைக் காணோம்' என்றார். நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, டாக்டரை ஏன் வரையவில்லை என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்: 'டாக்டர் ஒவ்வொருவர் பக்கத்திலும் நிற்க முடியாது மிஸ். ஊசி வழியாக சலைன் ஏற்ற ஆளும் இல்லை, பாட்டிலும் இல்லை. அதனால்தான் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கரைத்து டிரம்மில் வைத்தார். அம்மாவோ அண்ணனோ பிடித்துப் போய்க் கொடுத்தார்கள். இது அந்த அம்மாவின் கை.'

பன்கானில் வங்கதேச அகதிகளின் முகாமில் காலரா வந்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அந்த டிரம் வந்தபின் சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அவருடைய கண்டுபிடிப்பு கரைசல் அல்ல. அதை மருத்துவர் கையிலிருந்து தாய் கைக்கு மாற்றியதுதான். அதைப் பதின்மூன்று வயதுப் பெண் புரிந்துகொண்டு வரைந்திருக்கிறாள். நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு நுண்ணோக்கிப் படத்துக்கு முதல் பரிசு கொடுத்தோம். இரண்டுக்கு ஒன்று, நான் தோற்றேன்.

பீளமேடு:
என் மகன் ஜி.டி. நாயுடுவை வரைந்தான். கோயம்புத்தூர்ப் பையன் வேறு யாரை வரைவான்? ஆனால் ஆளின் முகத்தைச் சிறியதாகப் போட்டுவிட்டு, டிரை செல்லில் ஓடிய அந்தச் சவர ரேசரைத் தாள் முழுக்க வரைந்திருந்தான். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து வரைந்தது. பக்கத்தில் மண்ணெண்ணெயில் சுற்றும் மின்விசிறி. கீழே, அவர் வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கிப் பிரித்துப் போட்ட ரட்ஜ் மோட்டார் சைக்கிள், உதிரி உதிரியாக.

பரிசளிக்க வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, 'தம்பி, டார்ச் லைட் நன்றாக இருக்கிறது' என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மகன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! 1937இல் இந்த நாட்டின் முதல் மின்மோட்டாரைப் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கொண்டுவந்த மனிதர். ஊர் முழுக்க ஓடும் பம்புசெட்டுக்கெல்லாம் பாட்டன் அது. அதே ஊரில் நடந்த போட்டியில் டார்ச் லைட்.

நாணல்:
பீளமேடு சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜி.டி. நாயுடு எப்போது மறக்கப்பட்டவர் ஆனார்? அவிநாசி சாலையில் பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கே அவர் பெயர் வைத்தாகிவிட்டது. அதற்கு மேல் என்ன வேண்டும்? இந்தப் போட்டிகளில் நடப்பதெல்லாம் இதுதான். ஊரில் பிரபலமானவரை எடுத்துக்கொண்டு 'மறக்கப்பட்டவர்' என்று தலைப்புப் போடுவது.

உங்கள் ஊரிலேயே உண்மையில் மறந்துபோனவர் ஒருவர் உண்டு: டி.எஸ். வெங்கட்ராமன். 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் அதன் முதல் தலைவர் சி.ஏ. பார்பருடன் வேலை பார்த்தவர். தடித்த கரும்பையும் ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் நாணலையும் ஒட்டுச் சேர்த்து, 'கோ 205' என்ற ரகம் அங்கிருந்து வந்தது. அதுவரை வடக்கே விரல் தடிமனில் ஒல்லிக் கரும்பைத்தான் பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். குளிரையும் வறட்சியையும் தாங்கும் இந்தப் புது ரகம் பஞ்சாபில் வேர் பிடித்தது. இன்றும் உலகில் எங்கெங்கோ ஓடுகிற கரும்பு ரகங்களின் வம்சாவளியைத் தோண்டினால் இந்தக் 'கோ' தட்டுப்படும். 'கோ' என்றால் கோயம்புத்தூர்தான்.

எங்கள் பள்ளியில் ஒரு பையன் இதை வரைந்தான். இடது பக்கம் கரும்பு, வலது பக்கம் வெள்ளைப் பூவோடு நாணல், நடுவில் தூரிகையால் மகரந்தம் தடவும் விரல்கள். அழகான வேலை. அதைப் பொங்கல் வாழ்த்துப் பிரிவில் கொண்டுபோய் ஒட்டிவிட்டார்கள்! நான் போய்க் கேட்டபோது, 'கரும்பு இருந்தது, பானையைக் காணோம் என்று நானும் யோசித்தேன்' என்று அங்கிருந்தவர் சொன்னார். பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பீளமேடு:
மேம்பாலத்துக்குப் பெயர் வைத்ததும், அவர் செய்தது தெரிந்திருப்பதும் ஒன்றா? டார்ச் லைட் என்று சொன்னவர் வீட்டுக்கு அந்த மேம்பாலம் வழியாகத்தான் போயிருப்பார்.

வைரத்தோடு:
நான் பள்ளியில் படித்தபோது கலந்துகொண்டது. வானிலை விஞ்ஞானி அன்னா மணியைத்தான் எடுத்தேன். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தபோது, வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்ட பெண். பீர்மேட்டில் பிறந்தவர். நான் வரைந்தது அந்தக் காட்சியை: ஒரு தட்டில் தோடு, தட்டைத் தள்ளும் சின்னக் கை, ஜன்னலுக்கு வெளியே வானத்தில் ஓசோன் அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு போகும் பலூன்.

வீட்டில் பாட்டி படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 'தோடு வேண்டாம் என்றாளா? இரண்டையும் வாங்கிக்கொண்டிருக்கலாமே, அசடு' என்றாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கலை விமர்சனம் அதுதான்.

உறுத்துவது வேறு. எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சான்றிதழில் என் பெயருக்கு மேல் அப்துல் கலாமின் படம் அச்சாகியிருந்தது. சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்து, தனியொருத்தியாக ஐந்து கட்டுரைகள் எழுதியும், முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி அன்னா மணிக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அப்புறம் வானிலைத் துறைக்கு வந்து நூறு கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, இங்கேயே செய்ய வைத்தார். திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் விட்டபோது காற்றை அளக்க நிறுவப்பட்ட கருவிகளுக்குப் பின்னாலும் அவர்தான். அவரை வரைந்ததற்குக் கொடுத்த காகிதத்திலும் அவர் இல்லை. கலாம் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் மறக்கப்பட்டவர்கள் போட்டியின் சான்றிதழில் அவரா?

தூரிகை மாமா:
நல்ல பகிர்வுகள். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன், அதனால் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. என் மாணவன் ஒருவன் தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாளை வரைந்து பரிசு வாங்கினான், என் அனுபவம் அவ்வளவுதான்.

சார்ட் அட்டையில் நீர்வண்ணம் தீட்டாதீர்கள், அலைபோல் நெளிந்துவிடும். தடித்த கார்ட்ரிட்ஜ் தாள் வாங்குங்கள். நான்கு பக்கமும் டேப் ஒட்டிப் பலகையில் பொருத்திய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். போஸ்டர் கலரைக் குழம்பு போல் தடவுகிறார்கள். மெல்லியதாக இரண்டு தடவை போட்டால் வெடிக்காது. கறுப்பு வண்ணத்தை டப்பாவிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். நீலத்தோடு பழுப்பைக் கலந்து பாருங்கள், இருட்டுக்கு உயிர் வரும்.

முகத்தை முதலில் வரைய உட்காராதீர்கள். அந்த மனிதரின் கை எதைத் தொட்டது என்று கேளுங்கள். ஜானகி அம்மாள் என்றால் அவர் மஞ்சள் புடவை, கையில் ஒரு செடி. லண்டனுக்கு அருகே விஸ்லி தோட்டத்தில் அவர் பெயரால் ஒரு மக்னோலியா ரகமே இருக்கிறது, வெள்ளைப் பூ. ஆங்கிலேய விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் தொகுப்பை 1945இல் வெளியிட்டவர், அதற்கு முன் இதே கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்தில் இருந்தவர். நாணல் ஐயா அவரைச் சொல்லாமல் விட்டதும் ஒரு மறதிதான்.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ஸ்காட் என்ற சிற்றூரிலிருந்து இதே மாதிரி ஒரு மாணவர் ஓவியப் போட்டி நடத்துகிறார்கள். அங்கே படத்தோடு மாணவர் எழுதிய விளக்கமும் போக வேண்டும்: யாரை வரைந்தேன், ஏன் வரைந்தேன். நடுவர் அதையும் படிக்கிறார். இங்கேயும் தாளின் பின்பக்கத்தில் ஐந்து வரி எழுத விட்டால் டார்ச் லைட்டும் வராது, பொங்கல் பானையும் வராது. பெயரை மட்டும் முன்பக்கத்தில் எழுதாதீர்கள். பென்சிலில், பின்பக்கம், லேசாக. அழுத்தி எழுதினால் முன்னால் தடம் தெரியும். பள்ளியின் பெயரையும் எழுத வேண்டாம், நடுவர்களும் மனிதர்கள்தான். ஃபிரேம் போட்டுக் கொடுப்பது வீண் செலவு. சுருட்டிக் கொண்டுபோவதானால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கட்டும்.

நாணல்:
ஜானகி அம்மாளை நான் மறக்கவில்லை, மாமா. பையன் வரைந்தது வெங்கட்ராமனின் ஒட்டு, அதைச் சொன்னேன். டேப் ஒட்டுவது பற்றி யார் கேட்டார்கள் என்றுதான் தெரியவில்லை.

கிராமச் செவிலி:
எல்லோரும் பரிசைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு ஓவியம் தெரியாது. ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் சுகாதார முகாம் நடத்தப் போனேன். சுவரில் ஒரு படம். இரண்டு கால்கள் மட்டும். ஒன்று சாதாரணக் கால். மற்றது யானைக்கால், தோல் மடிப்பு மடிப்பாக, விரல்கள் புதைந்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு வெள்ளை மாத்திரை. கீழே 'எல்லாப்பிரகத சுப்பாராவ்' என்று எழுதியிருந்தது.

அந்த மாத்திரையை எனக்குத் தெரியாதா? யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், 'எங்களுக்கு எந்த நோயும் இல்லையே, ஏன் விழுங்க வேண்டும்' என்று கேட்பவர்களிடம் கெஞ்சி, கண் முன்னால் விழுங்க வைத்தவள் நான். வயதைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று. அந்த மருந்துக்குப் பின்னால் இருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்று அந்தப் பையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். என்ற சின்னப் பட்டம்தான் கொடுத்தார்கள். பிறகு அமெரிக்கா போனார். அவர் தலைமையில் நடந்த ஆய்வில் வந்ததுதான் யானைக்கால் மாத்திரை. இன்றும் ரத்தப் புற்றுக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட்டும் அங்கிருந்துதான். 1948இல் இறந்துபோனார். பையனின் தாத்தாவுக்கு யானைக்கால். அவர் காலைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறான். தாத்தா ஒரு வாரம் மாலை நேரத்தில் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாராம்.

சிறப்பு விருந்தினர் வருகிறார் என்றதும் ஒருவர் வந்து அந்தப் படத்தைக் கழற்றிச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினார். 'பார்க்க நன்றாக இல்லை' என்றார். எதிர்வரிசையில் பூச்செடி, மயில், ஏவுகணை எல்லாம் அப்படியே இருந்தன. விருந்தினர் போன பிறகும் திருப்பிப் போட மறந்துவிட்டார்கள். நானே போய்த் திருப்பிவிட்டு முகாமுக்கு வந்தேன்.

விதிமுறை:
பல அனுபவங்களைப் படித்துவிட்டுச் சொல்கிறேன். நானும் போட்டிகள் நடத்தியவன். கரித்துண்டு அம்மா, உங்கள் சக நடுவர் சொன்னதில் தவறு இல்லை. அறிவிப்பில் 'கண்டுபிடிப்பாளரின் உருவம் இடம்பெற வேண்டும்' என்று இருந்தால் டிரம்முக்குப் பரிசு கொடுக்க முடியாது. விதியைப் படித்து, முகத்தைச் சிரமப்பட்டு வரைந்த மற்றப் பிள்ளைகளுக்கு என்ன பதில்? எங்கள் போட்டியில் ஒருவன் காலரா நச்சைக் கண்டறிந்த சம்புநாத் டேயை வரையச் சொன்னால் முயலை வரைந்துகொண்டு வந்தான். ஆராய்ச்சிக்கு முயலின் குடலைத்தான் பயன்படுத்தினாராம். உண்மைதான். ஆனால் மேடையில் முயலைக் காட்டி என்ன சொல்வது? நீக்கிவிட்டேன்.

கரித்துண்டு:
அறிவிப்பு என் கையில் இருக்கிறது, ஐயா. 'கண்டுபிடிப்பாளரைப் போற்றும் ஓவியம்' என்றுதான் இருந்தது. உருவம் என்ற சொல் எங்கும் இல்லை. அந்த முயல் படத்தை வைத்திருக்கிறீர்களா?

விதிமுறை:
படங்களைத் திருப்பித் தருவதில்லை என்பதும் விதியில் இருந்தது. கிடங்கில் எங்காவது இருக்கும்.

பீளமேடு:
தேடிப் பார்த்து இங்கே போடுங்கள் சார். முயலுக்கு நான் ஓட்டுப் போடுகிறேன். நாணலும் போடுவார், அதில் மட்டும் எங்களுக்குள் தகராறு வராது.