Re: வேட்டையாடிய மானைத் தொலைவிலிருந்து அறிவித்தல் – சொல் வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காட்டுயிர் மேலாண்மை பற்றிய பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டையாடியவர் அதை அரசுத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். முன்பு மானை வண்டியில் போட்டுப் பதிவு நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். இப்போது பெரும்பாலும் தொலைபேசி, இணையதளம், கைப்பேசிச் செயலி. இந்தப் புது வழிகளை வேட்டைக்காரர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஓர் அத்தியாயம் வருகிறது. "அறுவடை செய்யப்பட்ட மான்களின் தொலைமுறை அறிக்கையிடல்" என்று எழுதிவைத்திருக்கிறேன். எழுதிய எனக்கே வாய் வலிக்கிறது. பக்கத்துக்குப் பலமுறை வரும் தொடர் என்பதால் சுருக்கமாக ஒரு சொல் கிடைத்தால் புண்ணியமாகப் போகும்.

----------

> அறுவடை செய்யப்பட்ட மான்களின் தொலைமுறை அறிக்கையிடல்

அம்மா, முதலில் அந்த அறுவடையை எடுத்துவிடுங்கள். கதிர் அரிவாளும் கையுமாக யாரோ மான் பின்னால் ஓடுவது போல இருக்கிறது. "சுட்ட மான்" சுருக்கம்தான், ஆனால் படிப்பவர் மனம் நேரே அடுப்பங்கரைக்குப் போய்விடும். வில்லால் வீழ்த்தியதும் அதில் அடங்காது. "வேட்டைமான்" என்று சேர்த்தால் வேட்டைநாய் போல வேட்டைக்குப் போகிற மான் என்றாகிவிடும்.

"தொலை" என்ற முன்னொட்டும் இங்கே ஆபத்து. "மான் தொலையறிவிப்பு" என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். காணாமல் போன மானைக் கண்டுபிடித்துத் தருவோருக்குச் சன்மானம் என்று அடுத்த வரியைத் தேடுவார்கள்.

தமிழில் வேட்டை என்பது செயலுக்கும் பெயர், அதில் கிடைத்ததற்கும் பெயர். "இன்றைக்கு நல்ல வேட்டை" என்று மீன்காரர்கூடச் சொல்கிறார். அதனால் "வேட்டை அறிவிப்பு" போதும் என்பது என் எண்ணம்.

----------

ஐயா சொன்ன வேட்டை சரி. அறிவிப்பில் மட்டும் எனக்கு ஒரு தடை: "வேட்டை அறிவிப்பு" என்றால் துறை வெளியிடும் அறிவிப்பு என்றுதான் முதலில் தோன்றும், அதாவது இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேட்டைப் பருவம் என்பது. யார் யாருக்குச் சொல்கிறார் என்பது அந்தச் சொல்லில் இல்லை.

நான் விஸ்கான்சினில் இருக்கிறேன். இங்கே நவம்பரில் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கிப் பருவம் தொடங்கி ஒன்பது நாள் ஓடும். அந்த வாரம் அலுவலகத்தில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். இருப்பவர்களும் மானைத் தவிர வேறு பேச மாட்டார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று பட்டது. நாம் தேடும் சொல்லில் "தொலைவு" முக்கியமே இல்லை. முன்பு மானை ஒருவர் கண்ணால் பார்த்தார், இப்போது யாரும் பார்ப்பதில்லை. வேட்டைக்காரர் சொல்வதுதான் பதிவு. அவர்கள் புகாரும் பாராட்டும் கடைசியில் இந்த ஒரு புள்ளிக்கே வந்து சேர்கின்றன.

பழைய முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், சொல்லாக்கத்துக்கு உதவும். 2014 வரை இங்கே மானை நேரில் கொண்டுபோக வேண்டும். பதிவு நிலையம் என்றால் அரசுக் கட்டடம் இல்லை. ஊர் மதுக்கடை, பெட்ரோல் நிலையம், தூண்டிலும் தோட்டாவும் விற்கும் கடை. வண்டியின் பின்தட்டைத் திறந்தால் வயிறு சுத்தம் செய்த மான் கிடக்கும். கடைக்காரர் படிவத்தை நிரப்பி, ஓர் உலோக வில்லையை மானில் பூட்டுவார். அதைப் பூட்டிய பிறகுதான் மான் முறைப்படி உங்களுடையது. முதல் வார இறுதியில் சில நிலையங்களில் துறையின் உயிரியலாளர்கள் மானின் தாடையைத் திறந்து பல் பார்ப்பார்கள். முன்கடைவாய்ப் பற்களில் மூன்றாவது மூன்று முகட்டோடு இருந்தால் அது இன்னும் விழாத பால்பல். இரண்டு முகடு என்றால் விழுந்து முளைத்தது. இது ஏறத்தாழ ஒன்றரை வயதில் மாறும் என்பதால், அந்த நவம்பரில் சுட்ட மான் போன ஆண்டுக் குட்டியா, அதற்கு மூத்ததா என்று அங்கேயே பிரித்துவிடலாம். வளர்ந்த ஆண் மான்களில் ஒன்றரை வயதுக்காரர் எத்தனை பங்கு என்பதை வைத்துத்தான் மொத்த மான் தொகையைக் கணக்கிடும் சூத்திரமே நின்றது.

2015இல் இதெல்லாம் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் மாறியது. மானைக் கண்டெடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிந்தால் போதும். எந்த மாவட்டம், தனியார் நிலமா பொது நிலமா, கொம்புள்ளதா இல்லாததா என்று நாலு கேள்வி, முடிவில் ஓர் ஒப்புகை எண்.

வேட்டைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? இளையவர்களுக்குக் குறை எதுவும் இல்லை. மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்தபடியே முடித்துவிடுகிறார்கள். வடக்கே காட்டு முகாமுக்குப் போகிறவர்களுக்கும் நிம்மதி. முன்பெல்லாம் நிலையம் மூடுவதற்குள் போய்ச் சேர வேட்டையைப் பாதியில் விட்டுப் பல மைல் ஓட்ட வேண்டியிருந்தது. வெயில் அடிக்கும் நவம்பரில் இறைச்சி கெட்டுவிடுமோ என்ற பதற்றம் வேறு. சிக்னல் இல்லாத காடுகள் இப்போதும் உண்டு. ஆனால் கெடு மறுநாள் வரை இருப்பதால் அது பெரிய புகாராக எழவில்லை. வேறு சில மாநிலச் செயலிகள் தகவலை வாங்கி வைத்துக்கொண்டு சிக்னல் வந்ததும் அனுப்பிவிடுகின்றன.

மூத்தவர்கள் பேச்சு வேறு. மதுக்கடை வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றது, யார் மானுக்கு எத்தனை கிளைக் கொம்பு என்று ஊரே சுற்றி நின்று பார்த்தது, முதல் மானோடு வந்த பையனுக்கு எல்லோரும் கை கொடுத்தது, இதெல்லாம் போய்விட்டது என்கிறார்கள். நிலையத்து மதுக்கடைக்காரருக்கு வியாபாரமும் போயிற்று. இதை வெறும் பழங்கதை ஏக்கம் என்று நான் ஒதுக்க மாட்டேன். தன் மாவட்டத்தில் எத்தனை மான் விழுந்தது என்று வேட்டைக்காரர் தன் கண்ணாலேயே பார்த்த ஒரே இடம் அது. இப்போது துறை ஒரு எண்ணை வெளியிடும்போது, "யார் எண்ணினார்கள்? அவனவன் சொன்னதுதானே!" என்கிறார்கள். திருட்டு வேட்டைக்காரன் கூப்பிட்டுச் சொல்வானா என்று அடுத்த கேள்வி. அவன் அந்தக் காலத்தில் மட்டும் மதுக்கடை வாசலுக்கு மானைத் தூக்கிக்கொண்டு வந்தானா என்று கேட்டால் சிரிக்கிறார்கள், ஆனால் சந்தேகம் போகவில்லை.

இடத்தைச் சொல்வதிலும் ஒரு முகச்சுளிப்பு இருக்கிறது. மாவட்டத்தைச் சொல்வார்கள். வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொன்னால் பலருக்குக் கை வராது. நல்ல இடம் தெரிந்தவன் அதை மைத்துனனிடம்கூடச் சொல்வதில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். மிசூரி, ஜார்ஜியா, அலபாமா எல்லாம் தங்கள் முறைக்கு "செக்" என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருக்கின்றன: டெலிசெக், கேம் செக் என்று. பழைய சோதனை நிலையத்தின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சோதிக்க அங்கே ஆள் இல்லை. தமிழில் புதிதாகச் செய்யும்போது "சரிபார்ப்பு", "சோதனை" என்று அந்தப் பழைய பெயரையும் நாம் சுமக்க வேண்டியதில்லை.

என் பரிந்துரை: மானைக் கொண்டுபோய்க் காட்டுவது "நேர்ப்பதிவு". தானே சொல்லிக்கொள்வது "தன்னறிவிப்பு". இரண்டுக்கும் பொதுவாகச் சொல்ல "வேட்டைக் கணக்கு". கணக்குக் கொடுப்பது, கணக்குக் கேட்பது எல்லாம் நம் வாயில் ஏற்கனவே புழங்குவதுதான். "வேட்டைக் கணக்கைத் தன்னறிவிப்பாகக் கொடுப்பது குறித்து வேட்டையர் கருத்து" என்றால் உங்கள் அத்தியாயத் தலைப்பே ஆயிற்று.

----------

தன்னறிவிப்பு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மா கேட்டது புதிய மின்வழி முறைகளுக்கு. தன்னறிவிப்பு என்றால் அஞ்சலட்டையும் உள்ளே வந்துவிடும். நான் பென்சில்வேனியாவில் இருக்கிறேன். இங்கே கட்டாய நிலையமே கிடையாது. மான் கிடைத்த 10 நாளுக்குள் அஞ்சலட்டையிலோ தொலைபேசியிலோ இணையத்திலோ தெரிவிக்கச் சட்டம். ஆனால் தெரிவிப்பவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான். அபராதம் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் அவ்வளவுதான்.

அதனால் துறை அந்த எண்ணிக்கையை அப்படியே நம்புவதில்லை. பருவத்தில் அதன் ஆட்கள் இறைச்சி வெட்டும் கடைகளுக்குப் போய் அங்கே வந்திருக்கும் மான்களில் வேட்டைக்காரர் கட்டிய குறிச்சீட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள், வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் குறிக்கிறார்கள். பிறகு அதே மான்கள் தெரிவிக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒப்பிடுகிறார்கள். கடையில் பார்த்ததில் எத்தனை பங்கு தெரிவிக்கப்பட்டிருக்கிறதோ, அதைக்கொண்டு மொத்த வேட்டையைப் பெருக்கி எடுக்கலாம். ஆக, சொல்லாதவர்களையும் சேர்த்துத்தான் கணக்கு வருகிறது. "நான் சொல்லாவிட்டாலும் அவர்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்களே" என்று இதையே சாக்காகச் சொல்கிறவர்களும் உண்டு, அது தனிக் கதை.

மிச்சிகன் நேர்மாறு. 2022 வரை அங்கே பருவம் முடிந்த பிறகு சிலரைத் தேர்ந்தெடுத்து அஞ்சலில் கேட்டுத்தான் மதிப்பிட்டார்கள். அந்த ஆண்டிலிருந்து 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிப்பது கட்டாயமானது. கருத்துக் கேட்பு அஞ்சலிலேயே பழகியவர்களுக்கு இது வசதியாகத் தெரியவில்லை, புதுக் கட்டுப்பாடாகத்தான் தெரிந்தது. ஒரே முறை விஸ்கான்சினில் சலுகை, மிச்சிகனில் சுமை. வேட்டைக்காரர் கருத்து என்று பொதுவாக எழுதும்போது, அவர் எதை விட்டு இதற்கு வந்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

மின்வழியை மட்டும் தனியே சுட்ட வேண்டுமானால் "மின்னறிவிப்பு" என்று வைத்துக்கொள்ளலாம். தானியங்கித் தொலைபேசியும் அதில் அடங்கும்.

----------

மின்னறிவிப்பு சரி, தன்னறிவிப்பின் ஒரு வகையாக. மின்னஞ்சலில் வரும் அரசு அறிவிப்போடு குழம்பாமல் இருக்க முதல் தடவை "வேட்டை மின்னறிவிப்பு" என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

நேர்ப்பதிவு செத்துப்போன சொல் என்று யாரும் நினைக்க வேண்டாம். மெய்ன் மாநிலத்தில் இன்னும் நேரில்தான். மிசூரியில் அன்றிரவு 10 மணிக்குள் டெலிசெக்கில் சொன்னால் போதும் என்ற நிலை வந்த பிறகும், மெலிவு நோய் (மான்களை மெலியவைத்துக் கொல்லும் தொற்றுநோய், ஆங்கிலத்தில் CWD) பரவிய மாவட்டங்களில் நவம்பர் துப்பாக்கிப் பருவத்தின் முதல் வார இறுதியில் சுடும் மானை மாதிரி எடுக்கும் நிலையத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நோய்க்குத் தொண்டைக்குப் பின்னால் உள்ள நிணநீர்க் கணுவைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். அதைச் செயலி வழியாக அனுப்ப முடியாதே. விஸ்கான்சினில் நோய் தெரியவந்தது 2002இல், அப்போது பதிவு நிலையம் இருந்ததால் வருகிற மானிலேயே மாதிரி எடுக்க முடிந்தது. இப்போது தலையைக் கொஞ்சம் கழுத்தோடு வெட்டிப் பெட்டகத்தில் போட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் இது கட்டாயம் இல்லை. போடுகிறவர் போடுகிறார்.

----------

அம்மா, படிவத்தில் வரும் சொற்களையும் இப்போதே முடித்துவிடலாம். ஆண் மானுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை, குட்டிக்கு மறி என்று தொல்காப்பிய மரபியலிலேயே இருக்கிறது. எதற்கு "ஆண் மான், பெண் மான்" என்று நீட்ட வேண்டும்?

----------

ஐயா, பாட்டில் நன்றாக இருக்கும், படிவத்தில் சிக்கல். இந்தத் துறைகள் பால் பார்த்து உரிமம் தருவதில்லை, கொம்பு பார்த்துத் தருகின்றன. கொம்புள்ளது, கொம்பில்லாதது என்று இரண்டே கட்டம். அந்த ஆண்டு பிறந்த ஆண் குட்டிக்குத் தலையில் தோலுக்கடியில் இரண்டு புடைப்பு மட்டும் இருக்கும், அது கொம்பில்லாத கட்டத்தில் போகும். பிணை என்று எழுதினால் அது வெளியே நிற்கும். தூரத்திலிருந்து பார்த்துப் பெண் என்று நினைத்துச் சுட்டுவிட்டு, கிட்டே போய்த் தடவிப் பார்த்துத்தான் ஆண் என்று தெரிந்துகொள்வார்கள். ஆணா பெண்ணா என்றும் கேட்கும் இடங்களில், தடவிப் பார்க்காமலே பெண் என்று அறிவித்துவிடுகிறவர்களும் உண்டு. நேர்ப்பதிவில் அதை நிலையத்துக்காரர் திருத்தியிருப்பார். தன்னறிவிப்பில் அப்படியே ஏறிவிடும்.

----------

எல்லோருக்கும் நன்றி. அத்தியாயம் முழுவதும் வேட்டைக் கணக்கு, நேர்ப்பதிவு, தன்னறிவிப்பு, அதன் வகையாக மின்னறிவிப்பு, பிறகு ஒப்புகை எண். கொம்புள்ளது, கொம்பில்லாதது என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கலையும் பிணையும் உயிரியல் அத்தியாயத்தில் வரட்டும், ஐயாவுக்கு வருத்தம் வேண்டாம். பென்சில்வேனியா, மிச்சிகன் இரண்டையும் அடிக்குறிப்பாகச் சேர்க்க அனுமதி கேட்டுப் பதிப்பாளருக்கு இன்றே எழுதுகிறேன்.

அந்தப் புடைப்புத் தலை ஆண் குட்டிக்கு ஆங்கிலத்தில் பொத்தானை வைத்துப் பெயர் சொல்கிறார்கள். "மொட்டுக்கொம்பன்" என்று வைத்திருக்கிறேன். கொம்பன் என்றாலே யானை நினைவு வருமோ என்று ஒரு தயக்கம். யாருக்காவது வேறு தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்று மெய்ப்பு போகிறது.