ஸ்பானிஷ்: மே (எனக்கு), தே (உனக்கு), லே (அவருக்கு) வினையோடு எப்போது ஒட்டும்?

கேள்வி:
'அவருக்குப் புத்தகம் கொடுக்க நினைக்கிறேன்' என்பதற்கு 'கியேரோ தார்லே உன் லீப்ரோ', 'லே கியேரோ தார் உன் லீப்ரோ' இரண்டும் சரியாம். ஆனால் 'கொடுக்கிறேன்' என்றால் 'லே தோய்' மட்டும்தான், 'தோய்லே' தப்பு. இதற்கு என்ன கணக்கு? 'தார்மே'யில் (எனக்குக் கொடுக்க) அழுத்தக் குறி, அதாவது உயிரெழுத்தின் மேல் போடும் சாய்கோடு, இல்லை, 'தார்மெலோ'வில் (எனக்கு அதைக் கொடுக்க) இருக்கிறது, அது ஏன்?

பதில் 1:
ஒட்டுவதற்கு மூன்றே இடம்: ஆர், ஏர், ஈர் என முடியும் மூல வடிவம், 'அந்தோ', 'யெந்தோ' என முடியும் எச்சம், செய்யச் சொல்லும் ஏவல். ஆள், காலம் காட்டும் வினை என்றால் பிரதிப்பெயர் முன்னால்தான், தனிச் சொல்லாக. 'தோய்' அந்த வகை.

ஏவலில் கவனம். 'எனக்குச் சொல்' என்றால் 'தீமே', ஒட்டும். 'சொல்லாதே' என்றால் 'நோ மே திகாஸ்', ஒட்டாது. 'நோ தீமே' என்று எழுதுவதுதான் அடிக்கடி பார்க்கும் தப்பு.

'கியேரோ தார்' மாதிரி இரண்டு வினை சேர்ந்தால் தலையிலோ வாலிலோ வைக்கலாம், நடுவில் கூடாது. இரண்டு பிரதிப்பெயர் இருந்தால் அவற்றைப் பிரிக்கவும் கூடாது: 'மே லோ கியேரே தார்' அல்லது 'கியேரே தார்மெலோ'. எல்லா ஜோடியிலும் இந்தச் சலுகை கிடையாது. 'சொல்ல வருத்தமாக இருக்கிறது' என்பதற்கு 'சியெந்தோ தெசிர்தே' மட்டும்தான். அந்தத் 'தே'யை முன்னால் இழுக்க முடியாது. சந்தேகமா, வாலில் ஒட்டுங்கள், அங்கே தப்பாது.

பதில் 2:
குறிக்குத் தனி விதி கிடையாது. எத்தனை ஒட்டினாலும் அழுத்தம் வினையில் பழைய அசையிலேயே நிற்கும், வால் மட்டும் நீளும். உயிரெழுத்து, ன், ஸ் ஆகியவற்றில் முடியும் சொல்லில் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழுந்தால் குறி வேண்டாம். அதற்கும் முன்னே போனால் போட்டே ஆகவேண்டும்.

தார்-மே: முந்தைய அசை, குறி இல்லை. தார்-மெ-லோ: கடைசியிலிருந்து மூன்றாவது, குறி உண்டு. தாந்-தோ-மே ஒரே பிரதிப்பெயரிலேயே மூன்றாவதாகிவிடுவதால் அதற்கும் உண்டு. 'தாமே'வுக்கு (எனக்குக் கொடு) இல்லை, 'தாமெலோ'வுக்கு உண்டு.

பழைய புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு: 'கொடுங்கள்' என்ற மரியாதை ஏவலான 'தே' ('உனக்கு' என்ற 'தே' அல்ல) தனியாக வந்தால் குறியோடுதான். 'தேமே' ஆனதும் குறி போய்விடும். 1999-இல் ஸ்பானிஷ் அகாதெமி எழுத்து விதியை மாற்றும்வரை அதையும் குறியோடு எழுதினார்கள்.

பதில் 3:
வரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'யாருக்கு' முதலில், 'எதை' பிறகு. லே, லேஸ் இரண்டும் லோ, லா, லோஸ், லாஸுக்கு முன்னால் 'ஸே' ஆகிவிடும்: 'தார்லேலோ' இல்லை, 'தார்ஸெலோ'. 'அவரிடம் அதைச் சொல்வோம்' என்பதில் 'திகாமோஸ்' கடைசி ஸ்ஸில் ஒன்றை விட்டு 'திகாமோஸெலோ' ஆகும். இந்த 'ஸே' அவனுக்கா, அவளுக்கா, அவர்களுக்கா என்று காட்டாது. குழப்பம் வந்தால் பின்னால் 'ஆ எய்யா' (அவளுக்கு) என்று சேருங்கள்.

நாம் தடுக்கிவிழும் இடம் வேறு. 'அம்மாவுக்குக் கொடுத்தேன்' என்றால் நமக்கு அதோடு முடிந்தது. அவர்கள் 'ஆ மி மாத்ரே' சொன்ன பிறகும் 'லே'யை விடமாட்டார்கள்: 'லே தீ எல் லீப்ரோ ஆ மி மாத்ரே'. தமிழ்க் காதுக்கு வீண் சுமைதான், ஆனாலும் பழகிக்கொள்ளுங்கள்.

'குஸ்தார்' மட்டும் நமக்குச் சொந்த ஊர் மாதிரி: 'மே குஸ்தா' அப்படியே 'எனக்குப் பிடிக்கும்'. 'எனக்குப் பிடிக்க ஆரம்பிக்கிறது' என்றால் 'எம்பியேஸா ஆ குஸ்தார்மே'. குறி தேவையா என்பதற்கு மேலே உள்ள பதிலின்படி எண்ணிப் பாருங்கள்: குஸ்-தார்-மே.

கேட்டவர்:
தார் கடைசிக்கு முந்தையது, குறி வேண்டாம். 'குஸ்தாந்தோமே'வுக்கு வேண்டும். சரிதானே?

பதில் 2:
சரி. 'எஸ்க்ரிபியெந்தோலே'வுக்கும் அதே கதை, 'யெந்'தில் குறி.