பத்து வாரக் கற்பித்தல் பயிற்சி முடிந்தது: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பயிற்சி ஆசிரியர், ஜூரோங் வெஸ்ட்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தில் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். போன வெள்ளிக்கிழமையோடு பத்து வாரக் கற்பித்தல் பயிற்சி முடிந்தது. வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தேன். பாதி வெட்டிய பட அட்டைகள், மூடி தொலைந்த மார்க்கர் பேனாக்கள், ஒரு பிள்ளை மடித்துக் கொடுத்த காகிதக் கொக்கு எல்லாம் விழுந்தன. மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் கொடுத்தது தொடக்கநிலை 2. பதினேழு பிள்ளைகள், ஐந்து வகுப்புகளிலிருந்து வருகிறவர்கள். தாய்மொழிப் பாட நேரம் வந்ததும் ஒவ்வொரு வகுப்பும் மொழிவாரியாகப் பிரியும். நம் பிள்ளைகள் தண்ணீர்ப் புட்டியையும் பென்சில் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வேறு மாடிக்கு நடந்து வருவார்கள். அரைமணி நேரப் பாடவேளையில் ஐந்து நிமிடம் படிக்கட்டிலேயே போய்விடும். நான் எழுதிய பாடத்திட்டம் எதிலும் இந்த ஐந்து நிமிடம் இல்லை. அதனால் முதல் வாரம் ஒரு பாடம்கூட முடியவில்லை. வழிகாட்டி ஆசிரியர்தான் வழி சொன்னார். “முதல்ல வர்ற பிள்ளைக்கு ஒரு வேலை வச்சிரும்மா. கடைசிப் பிள்ளை வர்ற வரைக்கும் எல்லாரையும் சும்மா உட்கார வைக்காதே.” மறுநாளிலிருந்து மேசைகளில் சொல்லட்டைகளைக் கவிழ்த்து வைத்தேன். வந்து உட்கார்ந்ததும் பிள்ளைகள் திருப்பிப் பார்த்து ஜோடி சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். சரி, அது தீர்ந்தது.

நான் சொல்ல வந்தது இரண்டாம் வாரம் நடந்தது. ஈரச்சந்தைப் படம் ஒன்றைத் திரையில் போட்டிருந்தேன். ஓர் அம்மா மீன் வாங்குகிறார், கடைக்காரர் எடை போடுகிறார். “என்ன பார்க்கிறீங்க?” என்று கேட்டேன். ஜன்னலோரம் உட்காரும் ஒரு பெண் பிள்ளை, அதுவரை கையே தூக்காதவள், முழங்கை மேசையைவிட்டு எழாமல் கையை மட்டும் கொஞ்சம் உயர்த்தினாள்.

“அம்மா... மார்க்கெட்ல... ஃபிஷ்...”

“மீன்! அம்மா சந்தையில மீன் வாங்குறாங்க. எங்கே, சொல்லுங்க?”

சொன்னாள். ஒரு பிழை இல்லாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நானும் திருப்தியாக அடுத்த படத்துக்குப் போனேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வாரக்கணக்கில் கை தூக்கவில்லை.

பாடம் முடிந்ததும் வழிகாட்டி ஆசிரியர் தன் நோட்டைக் காட்டினார். நான் கேள்வி கேட்டதற்கும் மறுபடி வாய் திறந்ததற்கும் நடுவில் எத்தனை விநாடி என்று எண்ணி எழுதியிருந்தார். 1, 1, அரை, 1, 2, அரை, 1. ஒரு பக்கம் முழுக்க அப்படியே. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டுத் தேநீர் எடுக்கப் போய்விட்டார்.

இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதை அளந்து எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பதில் நீள்கிறது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். நாங்கள் விரிவுரையில் படித்ததுதான். படித்ததும் என் வாயும் வேறு வேறு இடத்தில் இருந்திருக்கின்றன.

அன்று இரவு அந்தப் பிள்ளையின் தலைக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன். மீனைப் பார்க்கிறாள், ஃபிஷ் என்று வருகிறது. மீன் என்ற சொல்லைத் தேட வேண்டும். கிடைத்தால் சந்தை. அப்புறம் ‘வாங்கு’. வினையை ஆங்கிலத்தில் மாதிரி நடுவில் போட முடியாது, கடைசிவரை கையில் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வந்த பிறகு காலம் சேர்க்க வேண்டும். அம்மா என்பதால் ‘வாங்குறா’ என்று சொல்லக் கூடாது, ‘வாங்குறாங்க’ என்று மரியாதையும் சேர்க்க வேண்டும். ஏழு எட்டு வயதுப் பிள்ளை ஒரு விநாடிக்குள் இவ்வளவும் செய்ய வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு, ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. என் பதினேழு பேரில் பாதிக்கு மேல் வீட்டில் ஆங்கிலம்தான். அவர்களுக்கு நாள் முழுக்கத் தமிழ் பேசக் கிடைக்கிற இடம் என் வகுப்பு ஒன்றுதான். அந்த இடத்தையும் நானே பேசி நிரப்பிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு கேள்வி கேட்டதும் ஷூவுக்குள் கால் கட்டைவிரலை மூன்று முறை மெதுவாக அழுத்துவேன். மூன்றாவது அழுத்தம் முடிகிறவரை பேச மாட்டேன். முதல் நாள் அந்த அமைதி எவ்வளவு கனமாக இருந்தது தெரியுமா? மேற்பார்வையாளர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது இன்னும் கனம்.

இப்படிப் பயிற்சிக் காலத்தில் உங்களை மாற்றிய ஒரு பிள்ளை, ஒரு சம்பவம் இருந்தால் எழுதுங்கள்.

*

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈசூன்

வணக்கம்மா. படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் 1974-ல் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி கல்விக் கழகமாக மாறி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இடம் பேட்டர்சன் சாலை. அரை நாள் பள்ளியில் பாடம் எடுப்போம், அரை நாள் நாங்கள் போய்ப் படிப்போம். காலையில் கற்பித்ததில் எங்கே சறுக்கினோம் என்று மதியமே கேட்டுக்கொள்ளலாம், அந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை அது.

அப்போது நிலைமை நேர்மாறு. பிள்ளைகள் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், சரளமாகப் பேசுவார்கள். நாங்கள் அந்தத் தமிழை வகுப்புக்குள் விடமாட்டோம். செம்பவாங் கடற்படைத்தளப் பக்கமிருந்து ஒரு பையன் வருவான். ஒருநாள் ஆர்வமாக எழுந்து, “சார், எங்க வீட்ல பூனை குட்டி போட்டுச்சு” என்றான். நான், “போட்டது என்று சொல்” என்றேன். மறுபடியும் “போட்டுச்சு” என்றான். “போட்டது.” வகுப்பு சிரித்தது. அவன் என்னை நேராகப் பார்த்து, “எங்கம்மா அப்படித்தான் சார் சொல்லும்” என்றான்.

ஐம்பது வருடம் ஆகப்போகிறது. அந்தப் பூனை எத்தனை குட்டி போட்டது என்று நான் கேட்கவே இல்லை.

2005-ல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பில் பேச்சுத்தமிழுக்கும் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தபோது ஆசிரியர் அறையில் பெரிய வாக்குவாதம். எழுத்துத்தமிழ் கெட்டுப்போகும் என்று பலர் வருத்தப்பட்டார்கள். அவர்களுடைய கவலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், மொழிமேல் இருந்த அன்பில் வந்த கவலை அது. ஆனால் எனக்கு அந்தப் பையன் முகம்தான் வந்தது. பேச்சுத்தமிழோடு வந்த பிள்ளைகள் இருந்த காலத்தில் அதை நாங்களே வாசலில் நிறுத்தினோம். இப்போது அது வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உன் வகுப்பில் ‘வாங்குறாங்க’ என்று நீயே பேச்சுத்தமிழில் சொல்லிக்கொடுத்திருக்கிறாய் பார், அதைப் படித்து மனம் நிறைந்தது. எழுதும்போது ‘வாங்குகிறார்’ என்று அவர்களே கொண்டுவந்து சேர்ப்பார்கள், பொறு. அதுசரி, அந்த ஜன்னலோரப் பிள்ளை அப்புறம் பேசினாளா இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாயே.

*

ஆசிரியர், இரண்டாம் ஆண்டு, புக்கிட் பாஞ்சாங்

நான் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு முப்பத்து நான்கு வயதில் இந்தப் பணிக்கு வந்தவன். பூன் லேயில் 179 பேருந்தில் ஏறிக் கல்விக் கழக வளாகத்துக்குப் போகும்போது பக்கத்தில் நிற்பவர்கள் என்னைவிடப் பத்து வயது சிறியவர்கள். சம்பளம் குறைந்தது, வீட்டில் கேள்விகள் இருந்தன. அதெல்லாம் பெரிய கதை, இங்கே வேண்டாம்.

எனக்குப் பயிற்சியில் கிடைத்தது தொடக்கநிலை 5. உங்களுக்கு தொடக்கநிலை 2 கிடைத்தது நல்ல காலம். தொடக்கநிலை 1, 2-ல் 2019-லிருந்து மதிப்பெண்ணுக்கான தேர்வு இல்லை, அதனால் பொறுத்திருக்க இடம் இருக்கிறது. எங்கள் வகுப்பில் தொடக்கப்பள்ளி இறுதித்தேர்வு நிழல் விழுந்துவிட்டிருந்தது. வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்து உரையாடும் பகுதிக்குப் பிள்ளைகள் மனப்பாட வாக்கியங்களோடு வருவார்கள். ஒரு பையன், “இக்காணொளியில் மாணவர்கள் முதியோருக்கு உதவுவதைக் காண்கிறேன்” என்று கணீரென்று சொன்னான். “சரிப்பா, உன் வீட்டுல வயசானவங்க யாரும் இருக்காங்களா?” என்று கேட்டேன். அப்படியே நின்றுவிட்டான். துணைப்பாட வகுப்பில் அந்தக் கேள்விக்கு வாக்கியம் கொடுக்கவில்லை போல.

அவனுக்குப் பாட்டி இருந்தார். தினமும் ஒன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் குடையோடு நிற்பார். ஒருநாள் நான் வெளியே வந்தபோது, “தம்பி, நீங்கதான் தமிழ் டீச்சரா? என் பேரன் அங்கேயாவது தமிழ் பேசுறானா?” என்று கேட்டார். ‘அங்கேயாவது’ என்ற சொல் என்னை உலுக்கிவிட்டது. பாட்டி தமிழில் கேட்பாராம், பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்வானாம். இரண்டு பேருக்கும் புரியும், அதனால் அப்படியே போய்க்கொண்டிருந்ததாம்.

அந்த வாரம் பயிற்சித்தாளை விட்டுவிட்டு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் “சின்ன வயசுல என்ன விளையாடுவீங்க?” என்று தமிழில் கேட்டு, பதிலைத் தமிழிலேயே வாங்கி வர வேண்டும். எழுத வேண்டாம், வந்து சொன்னால் போதும். அவன் திங்கட்கிழமை வந்து “பாண்டி” என்றான். தரையில் கட்டம் போட்டுக் காட்டினான். சில்லு வரம்பில் விழுந்தால் என்ன ஆகும், யார் ஏமாற்றுவார்கள், எல்லாம் சொன்னான். பாதி ஆங்கிலம் கலந்துதான். ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசினான். ஒத்திகையில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகாதவன்.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி அமையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் பெரியவர் ஒருவரும் இல்லை என்று மூன்று பேர் வந்து நின்றார்கள். அவர்களைச் சிற்றுண்டிச்சாலையில் தோசை போடும் அக்காவிடம் அனுப்பினேன். அந்த அக்கா இப்போதும் அவர்களிடம் தமிழில்தான் பேசுகிறார்.

*

தாய், செங்காங்

ஆசிரியர்களுக்கு நடுவில் நான் எழுதலாமா என்று தெரியவில்லை. என் மகள் தொடக்கநிலை 3. “ஏன் வகுப்பில் பேசவில்லை?” என்று அவளைக் கேட்டிருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன். “நான் யோசிக்கும்போதே வேறு யாராவது சொல்லிடறாங்கம்மா” என்று ஒருமுறை சொன்னாள். அதைச் சாக்கு என்று நினைத்தேன். டீச்சர் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு இன்று சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவளுடைய அண்ணனை மூட வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

*

பயிற்சி ஆசிரியர், ஜூரோங் வெஸ்ட்

ஐயா, உங்கள் பூனைக் கதையை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் வாரம், நான்காம் வாரம் அவள் பேசவில்லை. பொறுத்திருந்தால் மட்டும் எல்லாம் நடந்துவிடும் என்று நினைத்தது என் இன்னொரு தவறு. மூன்று விநாடி மற்றப் பதினாறு பேரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்றால் பயந்த பிள்ளைக்கு அது இன்னும் பெரிய பாரம். வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டேன். முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் வகுப்புக்குச் சொல்லட்டும் என்றார். ஐந்தாம் வாரத்திலிருந்து அப்படிச் செய்தோம். ஜோடியில் அவள் பேசுகிற சத்தம் கேட்கும். நான் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவாள். அதனால் போகமாட்டேன். இரண்டு மேசை தள்ளி நின்று வேறு யாருடைய நோட்டையோ பார்ப்பது போல நிற்பேன்.

ஏழாம் வாரம், வியாழக்கிழமை. படம் காப்பிக்கடை. ஒருவர் கையை உயரத் தூக்கிக் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கிறார். கேள்வி கேட்டேன், கட்டைவிரலை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் கை தூக்கவில்லை. நான்கு. அவள் கை எழுந்தது, இந்த முறை முழங்கையும் சேர்ந்து.

“தாத்தா... காப்பி...” நின்றாள். எனக்கு நாக்கு நுனியில் சொல் தயாராக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பக்கத்துப் பையன் வாயைத் திறந்தான், என் கையைப் பார்த்து மூடிக்கொண்டான்.

“தாத்தா காப்பி ஆத்துறாங்க.” மூச்சு வாங்கினாள். “ரொம்ப சூடு. எங்க தாத்தாவும் அப்படிதான் செய்வாங்க. ஆனா கீழே கொட்டிடுவாங்க.”

நான் கேட்டது ஒரு வாக்கியம்தான்.

“கொட்டினா பாட்டி என்ன சொல்வாங்க?” என்று கேட்டுவிட்டு, மறுபடியும் விரலை அழுத்த ஆரம்பித்தேன்.