ஏர் ரைஃபிள் பெல்லட் தேர்வு, கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். ரைஃபிளை வைஸில் (அசையாமல் பிடிக்கும் இடுக்கி) இறுக்கிப் பிடித்து, தலை விட்டம் 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு பெல்லட்டையும் (சின்ன ஈயக் குண்டு) சுட்டுப் பார்த்தோம். 4.50 ஒரே ஓட்டையாக விழுகிறது, ஆனால் இடையிடையே ஒன்றிரண்டு மட்டும் ஒன்பதரை மதிப்பெண்ணுக்குத் தள்ளிப் போய்விடுகிறது. பத்து வளையமே வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளிதான், இப்போது மதிப்பெண்ணைத் தசமத்தில் (10.3 போல) வேறு எண்ணுகிறார்கள் என்பதால் இந்தச் சின்ன விலகலும் அவளுக்குப் பெரிய இழப்பு.

பெல்லட்டை உருப்பெருக்கியில் பார்த்தால் சிலவற்றின் பாவாடை (பின்பக்கம் விரிந்த பகுதி) விளிம்பு லேசாக நசுங்கியிருக்கிறது. அதையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் சுடுகிறோம், அப்படியும் சரியாகவில்லை. எடை பார்த்துப் பிரிப்பது நிஜமாகவே உதவுமா, இல்லை வேறு பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) உள்ள டப்பாவைத் தேடுவதுதான் வழியா? குழல் சுத்தம் செய்த பிறகு எத்தனை குண்டு சுட்டதும் நிலைக்கு வருகிறது, உங்கள் அனுபவம் என்ன?

அப்புறம், கோவைப் பக்கம் பல பேட்ச்களை வைத்துச் சோதித்துப் பார்த்து வாங்க வசதியுள்ள இடம் தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள். மாநிலப் போட்டி நெருங்குகிறது, அதற்குள் ஒரே பேட்சில் மொத்தமாக வாங்கி வைத்துவிட வேண்டும்.