சேர்வராயன் சொந்தங்கள் குழு: ஸ்விஃப்ட் பில்

வெள்ளி இரவு

நான்: [படம்] கார் முடிவாகிவிட்டது. 2017 ஸ்விஃப்ட் பெட்ரோல், ஒரே ஓனர், டி.என் 54. ஓமலூர் ரோட்டுக் கடை. 4,65,000-க்குப் பேசி 10,000 அட்வான்ஸ் கொடுத்தேன். அட்வான்ஸ் வாங்கின பிறகுதான் இந்தத் தாளைக் கையில் கொடுத்தார்கள். கீழே சேர்த்திருக்கிற கட்டணங்களைப் பாருங்கள்.

அப்பா: படம் மங்கலாகத் தெரிகிறது. என்ன போட்டிருக்கிறான்?

நான்: நிர்வாகக் கட்டணம் 12,000. அதற்கு ஜி.எஸ்.டி. 2,160. பெயர் மாற்றச் செலவு 8,500. எல்லாம் சேர்த்து 4,87,660.

அப்பா: இருபத்திரண்டாயிரத்துச் சொச்சமா! எதற்கு?

நான்: கேட்டேன். "சார், இது எல்லாருக்கும் உண்டு, பாருங்க அச்சிலேயே இருக்கு" என்கிறார். உண்மைதான். காரின் விலையைப் பேனாவில் எழுதியிருக்கிறார்கள், நிர்வாகக் கட்டணம் 12,000 என்பது மட்டும் பிரஸ்ஸில் அடித்து வந்திருக்கிறது.

அம்மாபேட்டை சித்தப்பா: அச்சில் இருந்தால் அரசாணையா? கல்யாணப் பத்திரிகைகூட அச்சில்தான் வருகிறது.

அம்மாபேட்டை சித்தப்பா: ஆனால் அண்ணா, கடைக்காரனும் வாடகை கொடுக்கிறான், ஆள் வைத்திருக்கிறான். ஏதோ ஒரு பெயரில் வாங்கத்தான் செய்வான். கார் நல்லதாக இருந்தால் ஐந்து பத்து பார்க்காதே என்பேன்.

அப்பா: லாபம் காரின் விலையிலேயே இருக்கிறதே. வாடகையையும் அதிலிருந்துதான் கொடுக்கணும்.

ஏற்காடு அத்தை: கண்ணு, என்ன கலர்?

நான்: வெள்ளை அத்தை.

ஏற்காடு அத்தை: மலை ரோட்டுச் சேறுக்கு வெள்ளையா 🙄

இன்சூரன்ஸ் மச்சான்: மாமா, நான் சொல்கிறேன். கார் பெயர் மாற்றத்துக்கு அரசுக் கட்டணம் பதிவுக் கட்டணத்தில் பாதி. சொந்தக் காருக்குப் பதிவு 600, அதனால் பெயர் மாற்றம் 300. ஸ்மார்ட் கார்டுக்கு 200. மேலே சேவைக் கட்டணம் என்று கொஞ்சம் சில்லறை. மச்சான் கடன் வாங்காமல் முழுப் பணம் கொடுக்கிறதால் ஹெச்.பி., அதாவது கடன் கொடுத்த பேங்க் பெயரை ஆர்.சி.யில் ஏற்றுகிற 1,500-ம் கிடையாது. 8,500-ல் பெரும்பகுதி அலைச்சல் கூலி, புரோக்கர், லாபம்.

நான்: அப்போ அந்த 12,000?

இன்சூரன்ஸ் மச்சான்: அது முழுக்கக் கடையுடையது. அரசாங்கத்துக்கு அதில் போவது அந்த 2,160 மட்டும்தான்.

அப்பா: காருக்கே தனியாக ஜி.எஸ்.டி. உண்டு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரே?

இன்சூரன்ஸ் மச்சான்: பழைய காரில் கடைக்காரர் வாங்கின விலைக்கும் விற்கிற விலைக்கும் இருக்கிற வித்தியாசத்துக்கு மட்டும்தான் வரி மாமா. 2025 ஜனவரியிலிருந்து அது 18%. 50,000 லாபம் வைத்தால் 9,000. அதை அவர் தன் விலைக்குள் அடக்கித்தான் சொல்லியிருப்பார். முழு விலைக்கும் 18% என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடலாம். தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் ஜி.எஸ்.டி.யே இல்லை.

அம்மாபேட்டை சித்தப்பா: தனி ஆளிடம் வாங்கினால் பெயர் மாற்ற நீதான் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடக்கணும், அதையும் சொல்.

சனி காலை

டொராண்டோ அக்கா: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். இங்கேயும் இதே கூத்துதான், "அட்மின் ஃபீ" என்பார்கள். ஆனால் ஒன்டாரியோவில் 2010-லிருந்து ஒரு விதி இருக்கிறது. கடைக்காரர் விளம்பரத்தில் விலை போட்டால் அவருடைய கட்டணம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கணும். விற்பனை வரியும் நம்பர் பிளேட், பதிவுச் செலவும்தான் வெளியே.

நான்: நம் ஊரில்?

டொராண்டோ அக்கா: அங்கேயும் ஆன்லைன் விற்பனையில் செய்யக்கூடாத ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டு 2023 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். முதலில் ஒரு விலை காட்டிப் பணம் கட்டும்போது இன்னொன்றைச் சேர்ப்பதும் அந்தப் பட்டியலில் வருகிறது. நீ காரை ஆப்பில் பார்த்தாயா, நேரில் போய்ப் பார்த்தாயா?

நான்: ஆப்பில் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

டொராண்டோ அக்கா: அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை. நுகர்வோர் உதவி எண் 1915. உடனே சண்டைக்குப் போகாதே. கட்டணம் வாங்குவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் நீ அதையும் வைத்துத்தான் பேரம் பேசியிருப்பாய். அட்வான்ஸ் வாங்கின பிறகு சொன்னதுதான் தப்பு. அந்த 12,000-க்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டாயா?

நான்: 120 பாயின்ட் செக்கிங் என்றார்கள்.

டொராண்டோ அக்கா: ரிப்போர்ட்டை வாங்கு.

சனி மதியம்

நான்: [படம்] வாங்கிவிட்டேன். எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனாவில் டிக். கடைசிப் பக்கத்தில் "சன்ரூஃப் இயக்கம்: நன்று".

இன்சூரன்ஸ் மச்சான்: 😂😂 அந்தக் காரில் சன்ரூஃப் எங்கே இருக்கிறது?

அம்மாபேட்டை சித்தப்பா: சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். குறைத்தே ஆகணும்.

ஏற்காடு மாமா: தம்பி, பேப்பர் கிடக்கட்டும். வண்டியை அடிவாரம் தாண்டி ஏற்று. 20 கொண்டை ஊசி வளைவில் முதல் ஐந்தாறு போதும், இரண்டாவது கியரில் இழுக்கிறதா, கிளட்ச் வாடை வருகிறதா என்று தெரிந்துவிடும். இறங்கும்போது பிரேக் பார். ஊருக்குள் அஸ்தம்பட்டி வரை ஓட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது.

நான்: கேட்டேன் மாமா. அவர்கள் ஆள் கூட வருவதாக இருந்தால் சரி என்றார்கள். நாலு மணிக்குப் போகிறோம்.

இன்சூரன்ஸ் மச்சான்: அதற்குள் எம்பரிவாகன் என்கிற அரசு ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பார். ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால் கடன் தீர்ந்ததைக் காட்டுகிற ஃபார்ம் 35-ம் பேங்க் என்.ஓ.சி.யும் (ஆட்சேபமில்லை கடிதம்) இல்லாமல் தொடாதே. சலான் பாக்கியையும் பார்த்துவிடு. இன்னொன்று, 2023 ஏப்ரலிலிருந்து பழைய கார் கடைக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று இருக்கணும், ஃபார்ம் 29பி. பழைய ஓனர் வண்டியைக் கடையில் விட்டதை 29சி-யில் தெரிவித்திருக்கணும். இரண்டையும் காட்டச் சொல். நிர்வாகம் என்று பணம் கேட்கிறவர் நிர்வாகம் செய்திருக்கிறாரா என்று அதிலேயே தெரியும்.

அப்பா: பெயர் மாறும்வரை முழுப் பணமும் கொடுக்காதே.

இன்சூரன்ஸ் மச்சான்: ஆமாம் மாமா. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் பழைய ஓனர் கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது, ஆபீஸில் ஏறியிருக்கணும். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள், 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் மாற்றிவிடுகிற அவசரம் பழைய ஓனருக்கும் இருக்கணும். பாலிசியை 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்ற என்னிடம் கொடு. அவருடைய நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி, உனக்கு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்டணும், அதையும் கணக்கில் வை.

ஏற்காடு அத்தை: இவ்வளவு கேட்டால் கடைக்காரன் காரையே தரமாட்டான்.

அம்மாபேட்டை சித்தப்பா: தருவான். மாசக் கடைசி.

சனி இரவு

நான்: ஆறாவது வளைவு வரை ஏறினோம். கிளட்ச் நன்றாக இருக்கிறது. இறங்கும்போது முன் பிரேக்கில் லேசாகக் கிறீச்சென்றது, பேட் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஆர்.சி.யில் பேங்க் பெயர் இல்லை. 29பி சுவரிலேயே மாட்டியிருக்கிறார்கள், 29சி ரசீதும் காட்டினார்கள்.

அப்பா: காசு?

நான்: முதலில் மேனேஜர் "கம்ப்யூட்டரில் அந்த 12,000-ஐ எடுக்கவே முடியாது சார்" என்றார். சரி, அது இருக்கட்டும், கார் விலையைக் குறையுங்கள் என்றேன். சன்ரூஃப் பக்கத்தையும் காட்டினேன். சிரித்துவிட்டார். இப்போது கார் 4,55,840, நிர்வாகக் கட்டணம் வரியோடு 14,160, மொத்தம் 4,70,000. பெயர் மாற்றம் அவர்கள் பொறுப்பு. அரசு ரசீதை நமக்கே கொடுத்துவிடணும். வேறு எதுவும் கேட்க மாட்டோம் என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

டொராண்டோ அக்கா: 17,660 குறைந்திருக்கிறது. பரவாயில்லை! இன்னும் ஐந்தாயிரம் மிஞ்சுகிறதே.

அம்மாபேட்டை சித்தப்பா: ஆர்.டி.ஓ. வேலைக்கு அந்த ஐந்தைக் கொடுக்கலாம் தாயி. நியாயமான கூலி.

அப்பா: எவ்வளவு பிடித்து வைத்தாய்?

நான்: 25,000. புது ஆர்.சி. என் பெயரில் வந்ததும் கொடுப்பேன். அதற்கு மட்டும் ரொம்ப நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

இன்சூரன்ஸ் மச்சான்: பாலிசி நகலும் உன் ஆதாரும் இன்றைக்கே அனுப்பு. என் நம்பருக்கு அனுப்பு, குழுவில் போடாதே.

ஏற்காடு அத்தை: ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கும், குப்பனூர் வழியாக வா. மிளகு ஒரு மூட்டை கீழே கொண்டு போகணும்.